மெர்சி என்று எழுதிய தாள்

டப்பிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். உதட்டசைவுக்கு வசனம் பொருத்துவது எப்படி, மூச்சை எங்கே விடுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தாளைப் பற்றி. இந்தத் தொழிலில் இருந்த காலத்தில் மூட்டை மூட்டையாகத் தாள் எழுதினேன். அதில் ஒன்றை மட்டும் திரும்பப் போய்க் கிழித்துப் போட முடியுமென்றால் இதைத்தான் கிழிப்பேன்.

எங்கள் கலையகம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் மெத்தை அடித்து வைத்திருந்தோம். காலி வீதி பஸ்களின் சத்தத்தை அது நிறுத்தியது, ரயிலை நிறுத்தவில்லை. கடற்கரையோரமாக ரயில் போனால் மைக் நடுங்கும். அதனால் ரயில் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் ஒலிப்பதிவு செய்வோம். அட்டவணைப்படி ரயில் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவாளர் சுனிலின் காதைத்தான் நம்பியிருந்தோம். அவன் திடீரென்று கையைத் தூக்கி, ரயில் வருகிறது என்று சிங்களத்தில் "கோச்சிய எனவா!" என்பான். காதல் வசனம் பேசிக்கொண்டிருப்பவர்கூட வாயை மூடிக்கொள்வார்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. திரையில் இருப்பவரை அவருக்குக் குரல் கொடுப்பவரின் பெயரால்தான் அழைப்போம். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாது, நுழைந்தாலும் அவசரத்தில் மாறிப் போகும். ஆகவே நான் எழுதும் வசனத் தாளில்கூட இடது ஓரத்தில் பாத்திரத்தின் பெயர் இருக்காது, குரல் கொடுப்பவரின் பெயர்தான் இருக்கும். "நாளைக்கு ராஜனைச் சுடுறாங்க, கொஞ்சம் வெள்ளன வரச் சொல்லுங்க" என்று நாங்கள் படியில் நின்று கதைத்ததைக் கேட்டு, கீழே புடவைக் கடை முதலாளி ஒருநாள் பதறிப்போய் மேலே ஓடி வந்தார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. அரபு நாடுகளில் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகி ஒருவர், நடிகையும்கூட, தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் தொடர். முப்பது பாகம். ஆளில்லாத அரங்கத்தின் மேடையில் ஒரு கதிரை, அதில் அவர். வேறு அலங்காரம் இல்லை. நடுநடுவே பழைய படங்களின் காட்சிகள், பாட்டுகள். பாட்டை அரபியிலேயே விட்டுவிடுவோம், பேச்சை மட்டும் தமிழாக்குவோம். ஒரு தமிழ்த் தொலைக்காட்சி அதைப் புதன்கிழமைதோறும் இரவு ஏழரைக்குப் போடுவதாக இருந்தது. அரபியிலிருந்து தமிழுக்கு எழுதுவது என் பொறுப்பு.

அவருடைய வாழ்க்கை லேசான வாழ்க்கை இல்லை. தகப்பன் பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்தவர். பதினொரு வயதில் கலியாண வீடுகளில் பாடத் தொடங்கியிருக்கிறார். சண்டை வந்து ஊரை விட்டு ஓடியிருக்கிறார்கள். பதினேழு வயதில் பாடிய முதல் கசெட் டாக்ஸி டாக்ஸியாக ஒலித்திருக்கிறது. பிறகு சினிமா, பிறகு ஒரு தயாரிப்பாளருடன் கலியாணம், கலியாணத்தோடு மேடையில் பாடக் கூடாதென்ற தடை. விவாகரத்து. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடம் ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு, முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த குரலோடு திரும்பி வந்து பாடியிருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறார், தான் செய்த பிழைகள் உட்பட.

அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பொருத்தமான ஆள் எங்களிடம் இருக்கவில்லை. வானொலி நாடகத்தில் பெயர் பெற்ற ஒரு அம்மாவைக் கூப்பிட்டிருந்தோம். அவர் அழுகைக் காட்சி இல்லாத இடத்திலும் அழுதார். கூட்டத்துக் குரல்களுக்காக வந்திருந்த மெர்சி அன்று மூலையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வயது முப்பத்தைந்து இருக்கும். நடிப்பு எதுவும் படித்தவள் இல்லை. மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறாள் என்று யாரோ கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பாடகியின் தாய் தொலைபேசியில் மகளோடு கதைக்கும் காட்சி ஓடியது. தாய் சொல்லும் ஒரு வாசகத்தை நான், "நீ என்னைப் புதைத்துவிட்டாய்" என்று எழுதியிருந்தேன். கோபக் காட்சி என்று நினைத்து அதற்கு முன்னும் பின்னும் காரம் சேர்த்திருந்தேன். மூலையிலிருந்து மெர்சி மெதுவாக, "நானா, அது ஏசுறது இல்ல" என்றாள். முஸ்லிம் ஆளான என்னை அங்கே எல்லோரும் நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன?"

"அது கொஞ்சுறது. அந்தப் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்றது. நீதான் என்னைப் புதைக்கணும், உனக்கு முந்தி நான் போயிடணும் எண்டு. நான் வேலை செஞ்ச வீட்டு மடம் தன்ட சின்ன மகனை ஒரு நாளைக்கு நூறு தரம் அப்பிடிக் கூப்பிடுவா."

நான் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன். இலக்கணம் தலைகீழாகத் தெரியும். அந்த அரபி கிதாபில் இருக்கும் அரபி. அடுப்படி அரபி எனக்குத் தெரியாது. மெர்சி லெபனானில் நாலு வருடம் வீட்டு வேலை செய்தவள். எனக்கு முகம் சுட்டது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. கூட்டத்துக் குரலுக்கு வந்தவள் திருத்துகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல். ஆனாலும் சுனில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நீயே சொல்லிப் பார்" என்று மெர்சியை மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். தாயின் குரலுக்குத்தான் நிறுத்தினேன். அவள் சொல்லி முடித்ததும் சுனில் கண்ணாடிக்கு அப்பால் இருந்து, "நானா, பாடகி இவதான்" என்றான்.

அப்படித்தான் அந்த அரபுப் பாடகி எங்களுக்கு மெர்சி ஆனார். "மெர்சிக்கு முதல் கசெட் வந்தாச்சு", "மெர்சியை இன்றைக்குப் புருசன் வீட்டை விட்டுத் துரத்துறான்" என்று நாங்கள் பகிடி விட்டோம். அவளும் சிரிப்பாள். "எனக்கு இந்தப் புருசன் வேணாம், என்ட அன்ரன் பரவாயில்ல" என்பாள். அன்ரன் அவளுடைய கணவன், துறைமுகத்தில் வேலை. வீட்டில் மாமியாரும் இருந்தார். தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு மாமியார் ஒரு புதன்கிழமைகூடத் தவற விடுவதில்லை என்று மெர்சி சொன்னாள். மருமகளின் குரலைக் கேட்கவா என்று கேட்டேன். "இல்ல நானா, அவவுக்கு அந்தப் பாடகியில பிரியம்" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டாம் பாகம் வந்தது.

நான் வீட்டில் இருந்து மொழிபெயர்த்தேன். அந்தப் பாகத்தில் பாடகி தன் புகழின் உச்சியில் இருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு படம், வாரத்துக்கு நாலு மேடை. அவர் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். மேடை உடுப்புகளை அவள்தான் அயர்ன் பண்ணுவாளாம். இவர் பயிற்சி செய்யும்போது அடுப்படியில் இருந்து அவளும் முணுமுணுப்பாளாம். மெட்டு நன்றாக இருக்கிறதா என்று இவர் அவளிடம் கேட்கப் பழகியிருக்கிறார். ஒருநாள் வைர மோதிரம் ஒன்றைக் காணவில்லை. அவள்தான் எடுத்தாள் என்று பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் காலைப் பிடித்து அழுதும் கேட்கவில்லை. கொண்டுபோய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து, படப்பிடிப்புக்குப் போட்ட அங்கி ஒன்றின் உள்துணிக்குள் அந்த மோதிரம் கிடைத்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவளைத் தேடவும் இல்லை.

பிறகு கமராவை நேராகப் பார்த்து நாலு வரி சொல்கிறார். "அவள் சிறீலங்காவிலிருந்து வந்தவள். அவளுடைய முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் எடுக்கவில்லை. சிறீலங்காவில் யாராவது இதைக் கேட்டால் அவளிடம் சொல்லுங்கள், அவள் எடுக்கவில்லை." அதன் பிறகு பதினொரு விநாடி ஒன்றும் பேசாமல் இருக்கிறார்.

நான் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை நான் யோசிக்கவில்லை. அந்தத் தொடருக்கு அனுசரணை வழங்கியது வெளிநாட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பும் ஒரு முகவர் நிலையம். ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னும் பின்னும், விமானப் படத்தோடு, சிரிக்கும் பெண்களோடு அவர்களின் விளம்பரம் வரும். இந்த நாலு வரி போனால் அவர்கள் கோபிப்பார்கள், அனுசரணையை நிறுத்துவார்கள், தொலைக்காட்சி எங்களுக்கு அடுத்த தொடரைத் தராது, ஆறு பேரின் பிழைப்பு போய்விடும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒருவரும் என்னிடம் எதையும் வெட்டச் சொல்லவில்லை. தொலைக்காட்சி சொல்லவில்லை, முகவர் நிலையம் சொல்லவில்லை, எங்கள் முதலாளி சொல்லவில்லை. நானாகவே பயந்து நானாகவே வெட்டினேன்.

வெட்டிய இடத்தில் இப்படி எழுதினேன்: "மெர்சி: எங்கள் வீட்டில் வேலை செய்த வெளிநாட்டுப் பெண் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு தவறான புரிதல் ஏற்பட்டது. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்." அலுவலகக் கடிதம் போல அழகான தமிழ். இடது ஓரத்தில், வழக்கம்போல, அவளுடைய பெயர்.

பதிவு நாளன்று நல்ல மழை. பின்னேரம் நாலு மணிக்குத் தொலைக்காட்சியிலிருந்து ஆள் வந்து பிரதியை எடுத்துப் போவான். மெர்சி காதில் ஹெட்போனோடு ஒருமுறை காட்சியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். சுனில் என்னைப் பார்த்தான். மெர்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"நானா, அவ சிறீலங்கா எண்டு சொல்றா. ரெண்டு தரம் சொல்றா. தாள்ல இல்லயே."

"உதட்டுக்குப் பொருந்தாது மெர்சி."

சொன்னவுடன் எனக்கே வெட்கமாக இருந்தது. சிறீலங்கா என்பது இரண்டு மொழியிலும் ஒரே சொல். அந்தப் பாகம் முழுவதிலும் அதைப் போல உதட்டுக்குப் பொருந்தக்கூடிய சொல் வேறு இல்லை. மெர்சி வாக்குவாதப்படவில்லை. திரையில் பாடகியின் வாய் அசைய அசைய, இவள் கூடவே தமிழில் அந்த நாலு வரியையும் சொல்லிக் காட்டினாள். தாள் இல்லாமல். ஒரு எழுத்தும் பிசகாமல் பொருந்தியது.

"இப்பிடி வருதே நானா. இப்பிடியே சொல்லட்டா?"

"ஏலாது தங்கச்சி. அனுசரணை ஆரெண்டு தெரியும்தானே."

"அவங்க வெட்டச் சொன்னவங்களா?"

"சொல்லல்ல. ஆனா சொல்லுவாங்க."

ரயில் ஒன்று போனது. போய் முடியும் வரைக்கும் மூன்று பேரும் பேசவில்லை, பழக்கதோசம். பிறகு மெர்சி தாளை மேசையில் வைத்து இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இதுல என்ட பேர் கிடக்கு. மெர்சி: வேலைக்காரியில எனக்குச் சந்தேகம் வந்தது. நான் இதை வாசிச்சுக்கொண்டு நிக்கிறேன் நானா."

அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். நாலு வருடம் நன்றாகத்தான் போயிருக்கிறது. ஐந்தாம் வருடம் தொடங்கும்போது வீட்டு எசமானியின் காப்பு ஒன்று காணாமற்போயிருக்கிறது. பொலிஸ், பிறகு பதினேழு நாள் அடைத்து வைத்திருந்து, பிறகு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தக் காப்பு கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இங்கே வந்தபோது கதை அவளுக்கு முன்னமே கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்ரன் நம்பினான், அவள் எடுக்கவில்லை என்று. மாமியார் நம்பவில்லை. வாயால் ஒரு சொல் சொன்னதில்லையாம். அலுமாரிச் சாவியை மட்டும் அன்றிலிருந்து இடுப்பில் முடிந்துகொண்டிருக்கிறாராம். குளிக்கப் போகும்போதும் சாவி, ஞாயிறு பூசைக்குப் போகும்போதும் சாவி.

"அந்தப் பாடகி சொல்ற பிள்ளை நான் இல்ல நானா. எங்கட மடம் பாட்டுக்காரி இல்ல, பல் டொக்டர். ஆனா மாமி புதன்கிழமை முன்னால இருந்து பாக்கிறவ. அந்தப் பாடகி சொன்னா அவ நம்புவா. ஒரு பெரிய இடத்து மனுசி, சிறீலங்காப் பிள்ளை எடுக்கல்ல எண்டு தன்ட வாயால சொல்றத அவ கேக்கட்டும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை. அந்த நேரத்தில் ஒரு மனிதன் கடிகாரத்தைப் பார்ப்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பார்த்தேன். நெருக்கடி என்று வந்தால் கடிகாரம் ஒரு நல்ல ஒளிவிடம் பிள்ளைகளே, அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

மெர்சியைத் தங்கச்சி என்று சிங்களத்தில் நங்கி என்பான் சுனில், அவன்தான் வழி சொன்னான். "நங்கி, ரெண்டு டேக் எடுப்பம். நானா எழுதினது ஒண்டு. உங்கட ஒண்டு."

முதலில் என்னுடையதைப் பேசினாள். குறை சொல்ல முடியாத பதிவு. பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதைப் பேசினாள். ஒரே எடுப்பு. கடைசி வரிக்குப் பிறகு வரும் அந்தப் பதினொரு விநாடியில், மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்றாள். அவளுக்கு அங்கே பேச ஒன்றும் இல்லை, வெளியே வந்திருக்கலாம். பாடகியோடு சேர்ந்து அவளும் அந்த மௌனத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள். குடையை எடுத்துக்கொண்டு, "எதை அனுப்புறது எண்டு நீங்க பாருங்க. நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நாலு மணிக்கு ஆள் வந்தான். நான் எழுதியதையே அனுப்பினேன்.

காரணம் சொல்லலாம். ஆறு பேரின் பிழைப்பு என்றேனே, அது பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த அரை மணித்தியாலத்தில் தொலைக்காட்சிக்கு ஒரு அழைப்பு எடுத்து, "இப்படி ஒரு வரி இருக்கிறது, போடலாமா" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சிலவேளை "போடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள், பிறகு வருவதற்கெல்லாம் நான் பொறுப்பு. அந்தப் பயத்தில் கேட்கவில்லை. பயந்தவனுக்கு ஆறு பேரின் பிழைப்பு ஒரு நல்ல போர்வை.

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை மெர்சி நேரத்துக்கு வந்தாள். ஏசுவாள், அழுவாள், வேலையை விட்டுப் போவாள் என்று நான் இரவெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"நானா, இனிமே தாள்ல என்ட பேரைப் போட வேணாம். பாடகி எண்டே போடுங்க."

அவ்வளவுதான். மிச்சம் எட்டுப் பாகத்தையும் பேசி முடித்தாள், ஒரு குறையில்லாமல். நான் எல்லாத் தாளிலும் "பாடகி" என்று எழுதினேன். அதன் பிறகு எங்கள் கலையகத்தில் திரையில் நடப்பதை வைத்து ஒருவரையும் யாரும் பகிடி பண்ணவில்லை. அந்த வழக்கம் தானாகவே நின்றுபோனது.

தொடர் முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு சிறிய விருந்து வைத்தார்கள். முகவர் நிலையத்தின் முதலாளியும் வந்திருந்தார். நல்ல மனிதர், கலகலப்பானவர். தட்டில் கட்லட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கோ மனம் கேட்கவில்லை. இருபத்திரண்டாம் பாகம் எப்படி இருந்தது என்று பேச்சைத் தொடங்கினேன். அவர் சிரித்தார்.

"எனக்கு எங்க சேர் நேரம்? ஒரு நாள்கூடப் பாக்கக் கிடைக்கல்ல. நம்மட விளம்பரம் போகுதா எண்டு மட்டும் பொடியன்மாரிடம் கேப்பன்."

வெள்ளவத்தைக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறி நாலு பேர் முகத்தைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. யாருக்குப் பயந்து வெட்டினேனோ அந்த மனிதன் தொடரைப் பார்க்கவே இல்லை. யார் பார்ப்பார் என்று மெர்சி சொன்னாளோ, அவர் பார்த்தார். ஒரு தவறான புரிதல் ஏற்பட்டதாம் என்று கேட்டுவிட்டு, சாவியை இறுக்கி முடிந்துகொண்டு படுக்கப் போயிருப்பார்.

மெர்சி இன்னும் ஒரு வருடம் எங்களிடம் வேலை செய்தாள். பிறகு மாமியாருக்குச் சுகமில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நின்றுவிட்டாள். தொடர் முடிந்து ஆறு வருடம் ஓடியது. நான் ஓய்வு பெறும் வருடம், தொலைக்காட்சி அந்தத் தொடரை மறுபடியும் போடத் தீர்மானித்தது. அவர்களிடம் இருந்த பிரதிகள் பழுதாகிவிட்டனவாம், எங்களிடம் கேட்டார்கள். நான் சுனிலிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இருக்கு நானா" என்றான், நான் வாய் திறக்கும் முன்பே. "நங்கிட டேக்தானே? அழிக்கல்ல. ஒரு நாள் கேப்பீங்க எண்டு தெரியும்."

இரண்டாவது எடுப்பைச் சேர்த்து அனுப்பினோம். அதில் வீரம் ஒன்றும் இல்லை, தயவுசெய்து கை தட்டாதீர்கள். இந்த முறை அனுசரணை குளிக்கும் சவர்க்காரம் விற்கும் ஒரு கம்பனி.

இருபத்திரண்டாம் பாகம் போகும் வாரம் மெர்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். "இப்பவா நானா?" என்றாள். பிறகு, "வாங்க. புதன்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீடு நெருக்கமான ஒழுங்கை ஒன்றில், சுவரோடு சுவர் ஒட்டியது. ஒரு வீட்டின் தொலைக்காட்சி நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்ரன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளிக் கதிரையில் இருந்தார். நான் சலாம் சொன்னேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

"அவவுக்குக் காது கேக்காது நானா" என்றாள் மெர்சி. "ரெண்டு வருசமாச்சு. காதுக்குள்ள வாயை வச்சுக் கத்தினாக் கொஞ்சம் விளங்கும். டீவியில படம் மட்டும் பாப்பா. புதன்கிழமை எண்டால் இப்பவும் வந்து குந்திடுவா."

அவள் அதை என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். விருந்தாளிக்கு நல்ல கோப்பை எடுக்க வேண்டுமென்று மாமியாரிடம் கையால் காட்டினாள். அவர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்து, கதிரையைப் பிடித்து எழும்பி, தானே போய் அலுமாரியைத் திறந்து கோப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டு வந்து இருந்தார்.

பாகம் ஓடியது. அங்கி, மோதிரம், பொலிஸ் எல்லாம் வந்தன. பாடகி கமராவைப் பார்க்கும் நேரம் வந்தபோது மெர்சி எழுந்து போய்ச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அவளுடைய குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. அவள் சிறீலங்காவிலிருந்து வந்தவள். அவள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் ஜன்னலடிக்கு வந்து நின்று கேட்டாள். கேட்க வேண்டியவர் மட்டும் பாடகியின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினொரு விநாடி மௌனத்தில் கிழவி மருமகளின் பக்கம் திரும்பினார். "என்னவாம் பிள்ள? ஏன் சும்மா இருக்கிறா?"

மெர்சி குனிந்து அவருடைய காதில் வாயை வைத்தாள்.

"மோதிரம் கிடைச்சிட்டுதாம் மாமி."

"ஆர் எடுத்ததாம்?"

"ஒருத்தரும் எடுக்கல்லயாம். உடுப்புக்குள்ளயே கிடந்திருக்கு."

கிழவி கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? பிடிச்சுக் கொடுத்தாளே, அந்தப் பிள்ள?"

"அவ வீட்டுக்கு வந்துட்டா மாமி" என்றாள் மெர்சி.

கிழவி அதன் பிறகு தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. மெர்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இடுப்புச் சாவியில் இருந்தது. அவிழ்க்கவில்லை, விடவும் இல்லை.

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பிறகு என்ன நடந்தது என்று மெர்சியிடம் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய புதன்கிழமை என்றால் அந்த மனுசி அதைத் தன் காதாலேயே கேட்டிருப்பார், மெர்சி குனிந்து சொல்லியிருக்கத் தேவையில்லை.